ஓய்ந்த கால், ஓயாப் புகழ்: ஒரு வகைப்பாட்டியல்

ஆட்டத்தை விட்ட பிறகும் ஆட்டக்காரரை விடாத புகழுக்கு இலக்கணம் செய்வாரில்லை. அக்குறை தீரவே இவ்வியல் எழுந்தது. கரவெட்டியில் எழுந்ததற்கும் நியாயம் உண்டு. பேராசிரியர் கா. சிவத்தம்பி பிறந்த ஊர் இது. எதையும் வகைபிரிக்காமல் வாசிகசாலை வாசலில் வாய்திறந்தால் மரியாதை கிடையாது.

உதைபந்தாட்டப் புகழ் நான்காம்: கோற்புகழ், சட்டைப்புகழ், சோடாப்புகழ், திரைப்புகழ். ஊர்ப்புகழை ஐந்தாவதாகக் கொள்வாரும் உளர்.

கோற்புகழ் எண்ணிக்கையாலும் வேகத்தாலும் வருவது. சிலி நாட்டு இவான் சமோரானோ 1994-95 பருவத்தில் றியல் மட்றிட்டுக்காக 28 கோல் போட்டு ஸ்பானிய லீக்கில் முதலிடம் பிடித்தார். திருச்சூர் ஐ. எம். விஜயன் 1999 தெற்காசிய விளையாட்டு விழாவில் பூட்டானுக்கு எதிராக 12ஆவது விநாடியில் கோல் போட்டார். ஆயினும் இது கடைப்பட்ட வகை. இன்னொருவன் ஒரு கோல் கூடப் போட்டால், "உது பெரிய காரியமே?" என்று பெடியள் கேட்டுவிடுவார்கள்.

சட்டைப்புகழ் அப்படியன்று. 1998இல் இன்டர் மிலானில் சமோரானோவின் 9ஆம் இலக்கச் சட்டை பிரேசிலின் ரொனால்டோவிடம் போயிற்று. சமோரானோ 18ஐ எடுத்து, இரண்டு இலக்கங்களுக்கும் நடுவில் ஒரு கூட்டற்குறி வைத்துக்கொண்டார். கூட்டிப் பார்த்தால் 9. அவருடைய 28 கோலையும் மறந்தவர்கள் இந்த ஒரு குறியை மறக்கவில்லை. மேலதிகாரி மேசையைப் பறித்தால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் கந்தோர்க்காரர் அனைவருக்கும் அவர் ஆதர்ச புருஷர்.

சோடாப்புகழே தலையாயது, ஆகையால் சற்று விரிப்போம். விஜயன் சிறுவயதில் திருச்சூர் மாநகராட்சி மைதானத்தில் சோடா விற்றவர். பிறகு கேரளப் பொலிஸ் அணி, மோகன் பகான், ஜே.சி.ரி. எனப் போய் இந்திய அணிக்குத் தலைவரானார். வங்காளத்தார் அவரைக் கறுப்பு மான் என்றனர். வறுமை மட்டும் இருந்தால் இவ்வகை சித்திக்குமோ எனின், சித்திக்காது. சந்தையில் சோடா விற்றவர் வெறும் ஏழை. ஆட்டம் நடக்கும் மைதானத்தில் விற்றவரே காப்பியத் தலைவர். இவ்விதியைப் பல வாழ்க்கை வரலாற்றாசிரியர் அறியார்.

திரைப்புகழ்: 'திமிரு' (2006), 'பிகில்' (2019) படங்களில் விஜயனைக் கண்டு, அவர் பந்தும் ஆடுவாராமே என்போர் இதற்குச் சான்று. பந்தாட்டப் படமான 'பிகிலி'ல் இவருக்குக் கிடைத்தது ரவுடி வேடம். மேலே சொல்ல ஒன்றுமில்லை.

ஊர்ப்புகழுக்குப் பதிவேடு இல்லை, சாட்சிகள் மட்டுமே. அவர்களும் ஆட்டக்காரருக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். "அண்ணை அண்டைக்கு நடுக்கோட்டிலையிருந்தெல்லோ அடிச்சவர்" என்பது இவ்வகையின் மாதிரி வாக்கியம். மாரிக்கு மாரி அந்தக் கோடு பின்னால் நகரும். அளக்க இயலாததை வகையாகக் கொள்ள இந்நூல் உடன்படாது, உறவினர் மன்னிக்க.

சமோரானோ ஆட்டத்தையும் விஜயன் இந்திய அணியையும் 2003இலேயே விட்டனர். 22 ஆண்டு கழித்து, 2025இல், இந்திய அரசு விஜயனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது. எந்தப் புகழுக்காக என்று வகை குறிக்கவில்லை. சோடாவுக்கே என்பது இந்நூலின் முடிபு.