பென்டகன் சர்வருக்கு அட்மின் ஆவது எப்படி?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சர்வரைத் தொடுகிறவர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று 2005இல் 8570 என்ற கையேடு சொன்னது. 2023இல் அதன் இடத்துக்கு 8140 வந்தது. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்யுங்கள். உள்ளே இருப்பதை யாரும் கேட்கப்போவதில்லை.

1. நிதானமாகத் தொடங்குங்கள். அரசு ஊழியருக்குப் பழைய கையேடு ஆறு மாத அவகாசம் தந்தது. ஐந்தரை மாதம் காபி குடியுங்கள். ஒப்பந்த நிறுவனத்து ஆளா? பாவம், உங்களுக்கு முதல் நாளே சான்றிதழ் வேண்டும். இன்றிரவு தூங்காதீர்கள்.

2. செக்யூரிட்டி பிளஸ் என்ற சான்றிதழ்த் தேர்வை எழுதுங்கள். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, 900க்கு 750 வந்தால் தேர்ச்சி. பாடப் புத்தகம் தடிமன், தொடாதீர்கள். திருட்டுக் கேள்வித் தொகுப்பை வாங்கி விடைகளை உருப்போடுங்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்து. அதனால் நேர்மையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் யோசித்து விடையளியுங்கள்.

3. 'ஒருவருக்கு வேலைக்குத் தேவையான அளவு உரிமை மட்டும்' என்ற விடையைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். மதிப்பெண் உறுதி. அலுவலகம் திரும்பியதும் எல்லோருக்கும் அட்மின் உரிமை கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் போன் வராது.

4. அடுத்து சிஐஎஸ்எஸ்பி என்ற பெரிய சான்றிதழ். அதன் பாடத்திட்டத்தின் எட்டுத் துறைகளில் குறைந்தது இரண்டில் ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். பட்டம் இருந்தால் ஒரு வருடம் கழியும். சர்வர் அறைக் கதவைப் பூட்டியிருக்கிறீர்களா? அணுகல் கட்டுப்பாடு என்று எழுதுங்கள். பிரிண்டரில் மறந்துபோன தாளைக் கிழித்துப் போட்டீர்களா? தகவல் பாதுகாப்பு! இதெல்லாம் உண்மைதான் என்று, ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவர் கையெழுத்திட வேண்டும். நல்ல ஓட்டலாகப் பார்த்து அழைத்துப் போங்கள்.

5. செக்யூரிட்டி பிளஸ் மூன்று வருடத்தில் காலாவதியாகும். புதுப்பிக்க 50 தொடர்கல்விப் புள்ளி வேண்டும். வெபினார் ஒன்றை ஓடவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். அந்த நேரத்தில் சர்வருக்குப் பேட்ச் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள், அதற்கு யார் புள்ளி தருவார்கள்?

6. இரண்டடுக்கு அடையாளச் சோதனை பற்றிய கேள்வியை ஒருவரும் தவறவிடுவதில்லை. நடைமுறையில் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகமும் அப்படித்தான் பார்த்துக்கொண்டது. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் திருடுபோன லாகின் வழியாக ஊடுருவல்காரர்கள் உள்ளே வந்தார்கள். 2015இல் தெரியவந்த அந்தக் கதையில் 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணி விசாரணைத் தகவல்கள் போயின. கைரேகைகளும் சேர்த்துத்தான், அவற்றை ரீசெட் செய்ய வழியில்லை.

7. மின்னஞ்சலில் உங்கள் பெயருக்குப் பின்னால் எல்லாச் சுருக்கெழுத்துகளையும் அடுக்குங்கள். பெயரைவிட வால் நீளமாக இருக்கட்டும்.

தணிக்கைக்காரர் வந்தால் சான்றிதழ்க் கோப்பைத் திறந்து காட்டுங்கள். சர்வர் அறைச் சாவி மட்டும் எங்கே என்று தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.