உபயதாரர் வாழ்க

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் எகிப்தியக் கோயில் ஒன்று இருக்கிறது. பெயர் டெண்டூர். ரோமாபுரி அகஸ்டஸ் காலத்தில் நைல் கரையில் எழுந்தது. சுவரில் அந்தச் சக்கரவர்த்தியே பாரோ வேடம் கட்டித் தேவர்களுக்குப் படையல் வைக்கிறார். ஊரான் நாட்டைப் பிடித்து, அங்கே கோயில் கட்டி, சுவரில் தன் உருவத்தையும் செதுக்கிக்கொண்ட அந்த மகானுபாவரே அமெரிக்க வள்ளல்களுக்கு மூதாதை.

அஸ்வான் அணை விழுங்காமல் பெயர்த்தெடுத்துக் கொடுத்தது எகிப்து. அதைச் சுற்றி 1978-ல் திறந்த மண்டபத்துக்கு அன்று வைத்த பெயர், உபயம் செய்த சாக்லர்களுடையது.

சாக்லர்கள் மூன்று சகோதரர்கள், மூவரும் டாக்டர்கள். மூத்தவர் 1987-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மற்ற இருவர் குடும்பங்களின் பர்டியூ நிறுவனம் 1996-ல் ஆக்ஸிகான்டின் வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் கதைவிட்டது. 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020-ல் மறுபடியும். ஒப்புக்கொண்டது நிறுவனம்தான், குடும்பம் பரிசுத்தம். அந்தப் பரிசுத்தவான்கள் 2008-லிருந்து 2016-க்குள் உருவிக்கொண்ட தொகை சுமார் 1,100 கோடி டாலர்.

அருங்காட்சியகத்தில் சாக்லர் பெயர்ப்பலகை பளபளத்துக்கொண்டே இருந்தது. 2018 மார்ச்சில் புகைப்படக் கலைஞர் நேன் கோல்டின் வந்தார். அதே மாத்திரைக்கு அடிமையாகி மீண்டவர். கோயிலைச் சுற்றிய தண்ணீரில் ஆரஞ்சு நிற மாத்திரைக் குப்பிகளை வீசி, தோழர்களோடு தரையில் பிணமாகப் படுத்தார். வெளிமாநிலத்தாருக்கு 25 டாலர் கட்டணம் கட்டாயமானதும் அதே மாதம்தான். மேற்கு வர்ஜீனியாவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், சாக்லர் பெயரை அண்ணாந்து பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது! பெயர் இறங்கியது 2021 டிசம்பரில். அதுவும் மனம் நோகாமல், இரு தரப்பும் சேர்ந்து அறிக்கை விட்டு.

இந்தக் கொடைக்கெல்லாம் 1917 முதல் வரிச்சலுகை உண்டு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள். சில்லும் அவர்களுக்கே, பிள்ளையாருக்கும் அவர்கள் பெயரே. நாடு முழுவதற்குமான தேசியக் கலை நிதியத்துக்கு வாஷிங்டன் ஒதுக்குவது ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர். நியூயார்க் லிங்கன் சென்டரில் ஒரே ஓர் இசை அரங்குக்குத் தன் பெயரை வைக்கக் கோடீஸ்வரர் டேவிட் கெஃபன் 2015-ல் கொடுத்தது 10 கோடி. முன்பு அங்கிருந்த பெயர் ஏவரி ஃபிஷர். அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க அவர் குடும்பத்துக்கு 1.5 கோடி டாலர் அழுதார்கள். வைக்கவும் காசு, எடுக்கவும் காசு.

மாத்திரையால் செத்தவர்களுக்கும் விலைப்பட்டியல் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-ல் தள்ளிவிட்ட பர்டியூ திவால் திட்டத்தில் அது இருந்தது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 3,500 டாலரில் ஆரம்பம். ஆகக் கொடிய பாதிப்புக்கு 48,000. வக்கீல் கூலியும் அதிலிருந்துதான்.