கிளிக்கு ஒரு சட்டம், பாம்புக்கு ஒரு சட்டமா?

கேள்வி: ஆப்பிரிக்க மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கலாமாம், நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்த்தால் குற்றமாம். என்ன சார் நியாயம்?

பதில்: கிளி இந்தியப் பிரஜை ஆயிற்றே! 1972-ம் வருட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத் துணை. கூண்டில் அடைத்தால் நீங்கள் கம்பி எண்ண வேண்டியிருக்கும். பால் பைதான் மலைப்பாம்பு, மக்காவ் கிளி போன்ற வெளிநாட்டு விருந்தாளிகளை 2024 விதிகளின்படி அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் சொல்லணும், கைமாறினாலும் சொல்லணும், செத்தாலும் சொல்லணும். குடிவைத்த ஆளைப் பற்றிக்கூட நாம் இத்தனை விவரம் கேட்பதில்லை.

கிளிச் சட்டம் கிளி ஜோசியரையும் விடவில்லை. 2024 தேர்தலில் கடலூர் வேட்பாளர் ஒருவர் ஜெயிப்பார் என்று சீட்டு எடுத்துக் கொடுத்தது ஒரு கிளி. வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்து, கிளிகளைப் பறிமுதல் செய்தது. வேட்பாளரும் தோற்றார். வனத்துறை வரும் என்ற சீட்டை மட்டும் கிளி வேண்டுமென்றே விட்டுவிட்டதோ என்று எனக்கொரு சந்தேகம்!