தர்மபுரியில் ஜப்பான் மழை பெய்விக்கும் முறை

தேவையானவை: மலைச் செர்ரிப் பலகை, உளி, நீர்ச்சாயம், வாஷி காகிதம், மழை. முதல் நான்கும் காசு கொடுத்தால் கிடைக்கும்.

பட்டுப்புழுவுக்கு வைத்திருக்கும் மல்பெரித் தோட்டத்தைப் பார்த்து, காகிதத்துக்குக் கவலையில்லை என்று துள்ள வேண்டாம். வாஷிக்கு நார் தரும் கோசோ, நம் மல்பெரிக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான். இலையைப் புழுவுக்கே விடுங்கள்.

குருவாக ஜப்பானிய மரப்பலகை அச்சு ஓவியர் ஹிரோஷிகேயை வைத்துக்கொள்ளலாம். ஷின் ஓஹாஷி பாலத்தில் கொட்டும் திடீர் மழையை அவர் 1857இல் படமாக்கினார். 1887இல் வான்கோ அதை எண்ணெய்ச் சாயத்தில் நகலெடுத்தார். அந்த மழை முழுக்க மயிரிழைக் கருங்கோடுகள். கோட்டின் மேல் உளி படக்கூடாது. கோட்டை நிற்கவிட்டு, இரு பக்கத்து மரத்தையும் தோண்டி எடுக்க வேண்டும். மழை பெய்யாத இடமாகப் பார்த்துத் தோண்டுவது, போர் போட்டே பழகிய ஊருக்குப் புதிய வேலையில்லை. இரண்டாவது பலகையில் கோடுகளைச் சற்றே வேறு சாய்வில் வையுங்கள், காற்றும் சேர்ந்து அடிக்கும். (குரு உளியைத் தொட்டவர் அல்ல. வரைந்து கொடுப்பார், செதுக்க ஒருவர், அச்சிட ஒருவர், பணம் போடப் பதிப்பாளர் ஒருவர். முதலில் அந்தக் கடைசி ஆளைப் பிடியுங்கள்.)

மேகத்துக்குப் போகாஷி. பலகையின் மேலோரம் சாயம் வைத்து, ஈரத் தூரிகையால் கீழே இழுத்தால் கருமை கரைந்து வெளுக்கும். ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகத் தடவ வேண்டும். ஒரு தாளின் மேகம் மறு தாளில் அப்படியே வராது. வானிலை அறிவிப்பை நம்பி விதைத்தவர்களுக்கு இது புரியும்.

வெளிச்சத்துக்கு இன்னொரு அச்சு ஓவியர் யோஷிதா ஹிரோஷி. 1926இல் ஒரே பாய்மரப் படகுக் காட்சியை, சாயத்தை மட்டும் மாற்றி, காலையிலிருந்து இரவு வரை ஆறு பொழுதுகளாக அச்சிட்டார். பிறகு இந்தியா வந்து தாஜ்மகாலையும் பகலிலும் இரவிலுமாகப் படமாக்கினார். நீங்கள் ஒகேனக்கல் பரிசலில் முயலலாம். சித்திரை நண்பகலுக்கு மட்டும் சாயம் வேண்டாம், வெறும் தாளே போதும்.

ஆடியில் ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்ததும் மழைப் பலகையை எடுத்துவிடாதீர்கள். மழை குடகில் பெய்யும், பரிசலுக்குத் தடை இங்கே விழும், தலைக்கு மேல் வெயில் காயும். அருவிப் புகைக்கும் கோடு கிடையாது.

இவ்வளவு பாடு எதற்கு, ஜப்பானிடமே மழை கேட்டு மனுக் கொடுக்கலாமே என்பவர்களுக்கு: போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருந்ததால் ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்கா கடன் தந்தது; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் 2013இல் தொடங்கியது. அதில் குழாயும் தொட்டியும்தான் அடக்கம்.