வாளியின் காது: மலிவுப் பொருளியல் குறித்த ஓர் ஆய்வு

1. கருதுகோள்

மலிவாக வாங்கிய பொருள் கடைசியில் கூடுதலாகச் செலவு வைக்கும் என்பது பழைய செய்தி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். ஆனால் அந்த முக்கால் பணம் பொருளின் எந்தப் பாகத்திலிருந்து செலவாகத் தொடங்குகிறது என்பதை ஒருவரும் ஆராயவில்லை. பிளாஸ்டிக் வாளியைப் பொறுத்தவரை அது கைப்பிடிக் கம்பியை மாட்டும் காதிலிருந்து தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. ஆய்வுப் பொருள்

திருவிழாக் கடையிலும், ஒலிபெருக்கி கட்டிய மினி வேனிலும் விற்கும் வாளி கறுப்பாகவோ அரக்காகவோ அடர்பச்சையாகவோதான் இருக்கும். இதில் அழகியல் ஏதுமில்லை. பல நிறப் பழைய பிளாஸ்டிக்கை ஒன்றாக உருக்கினால் வெளிர் நிறம் வராது. அடர்ந்த சாயம் போட்டு மறைக்க வேண்டியதுதான். உருக்க உருக்க, பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து குட்டையாகின்றன. விலையை இன்னும் குறைக்கச் சுண்ணாம்புத் தூளும் கலப்பதுண்டு. மீதி வேலையை மொட்டை மாடி வெயில் பார்த்துக்கொள்ளும்.

இவ்வகைப் பிளாஸ்டிக்குக்கு வழிசெய்த வினையூக்கிகளுக்காக கார்ல் சீக்லரும் கியூலியோ நாட்டாவும் 1963இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். காது விஷயத்தில் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

3. இயந்திரவியல்

16 லிட்டர் தண்ணீரின் எடை 16 கிலோ. காதுக்கு 8 கிலோ வீதம் பங்கு. இது வாளி சும்மா தொங்கும்போது மட்டுமே செல்லும் கணக்கு. அடிபம்படியில் பின்னால் நிற்பவர் குடத்தால் இடிக்கும்போது யாரும் வாளியை நிதானமாகத் தூக்குவதில்லை. வெடுக்கென்று தூக்குகிறார்கள். இடது காது பிய்கிறது. வாளி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் முழுவதும் முழங்காலுக்குக் கீழே சேர்கிறது. கம்பியின் ஒரு முனை மட்டும் கையோடு நிற்கிறது. பாதிக்கப்பட்டவர் முதலில் பார்ப்பது நனைந்த புடவையை அல்ல, பிய்ந்த காதை. அடுத்து வலது காதை.

4. வாளியின் ஆசிரமங்கள்

காது போன வாளியை யாரும் உடனே எறிவதில்லை. முதலில் சிகிச்சை: அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கத்தியால் இழுத்து ஒட்டுவது, பலிக்காவிட்டால் துளை போட்டு நைலான் கயிறு கட்டுவது. குளியலறையிலிருந்து ஓய்வு பெறும் வாளி துணி ஊறவைக்கப் போகிறது; பிறகு வீடு துடைக்க; விரிசல் விட்டதும் மண் நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்று வைக்க. இறுதியில் பழைய பிளாஸ்டிக் வாங்குபவரின் தராசில் ஏறி, உருகி, அடர்பச்சையில் மறுபிறவி எடுத்து, அதே வேனில் அதே தெருவுக்கு வருகிறது. ஆகவே ஒரு குடும்பம் பல வாளிகளை வாங்குகிறது என்பது தோற்ற மயக்கமாகவும் இருக்கலாம்.

5. கணக்கு

மட்ட வாளி 90 ரூபாய், ஆயுள் 8 மாதம். தடித்த காதுள்ள நல்ல வாளி 260 ரூபாய், ஆயுள் 6 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 6 ஆண்டில் 9 மட்ட வாளிகள், 810 ரூபாய். நைலான் கயிறும் கத்தியைக் காய்ச்சிய எரிவாயுவும் தனி.

6. வாங்குபவர் ஏமாளியா?

இல்லை என்பதற்குக் கள ஆதாரம் உண்டு. வாங்குபவர் வாளியை விரலால் சுண்டுகிறார், முகர்கிறார், விளிம்பை அமுக்குகிறார். பிறகு கேட்கிறார்:

“அண்ணாச்சி, காது நிக்குமா?”

“நிக்கும்மா. தண்ணிதான் ரொம்பப் புடிக்காதீங்க.”

இதைக் கேட்டுவிட்டும் வாங்குகிறார் என்றால் அறியாமை காரணமாக இருக்க முடியாது; நல்ல வாளிக்கான காசு கையில் மொத்தமாகச் சேராததே காரணம். ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்சட் 1993இல் வெளியிட்ட ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் சாம் வைம்ஸ் என்ற காவல் அதிகாரி இதே முடிவுக்குப் பூட்ஸ் வழியாக வந்து சேர்கிறார். நல்ல பூட்ஸ் 50 டாலர், பல ஆண்டு உழைக்கும். மட்டமானது 10 டாலர், ஓரிரு பருவம் தாங்கும். அவர் மாதச் சம்பளமோ 38 டாலர். 50 டாலர் சேராதவன் அதே காலத்தில் 100 டாலர் செலவழித்த பிறகும் ஈரக் காலோடுதான் நடப்பான். பணக்காரர் பணக்காரராக இருப்பதற்கு ஒரு காரணம், அவர்களுக்குச் செலவு குறைவு என்பது வைம்ஸின் வாதம். வாளி ஆய்வு அதை வழிமொழிகிறது. இங்கும் கால்தான் நனைகிறது.

7. பரிந்துரைகள்

அ) மாதக் கடைசியில் வாளி வாங்கக் கூடாது. காது மாதக் கடைசியில்தான் பிய்யும் என்பதால் இப்பரிந்துரை நடைமுறைக்கு ஒவ்வாது.

ஆ) தவணைக்காரரிடம் நல்ல வாளியை வாரம் 30 ரூபாய் வீதம் 12 வாரம் கட்டி வாங்கினால் 360 ரூபாய் ஆகும். வட்டி கொள்ளைதான், ஆனாலும் 810இல் பாதிகூட இல்லை.

இ) “காசு இருக்கும்போதே நல்லதா ஒண்ணு வாங்கியிருக்கலாமில்ல?” என்று அறிவுரை சொல்லும் உறவினர், அன்றே நல்ல வாளிக்கும் மட்ட வாளிக்கும் உள்ள வித்தியாசமான 170 ரூபாயைக் கைமாற்றாகத் தரவேண்டும். தர இயலாதவர் அறிவுரையை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.