பாட்டி தடுத்த காட்சியும் தடுக்காத காட்சியும்

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு டிவி வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றே ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. ஆனால் தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருவில் டிவி வாங்கும் வசதி வரச் சில வருடங்கள் ஆயின. எதிர்வீட்டில் கதவு வைத்த மரப்பெட்டிக்குள் ஒரு டயனோரா டிவி இருந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பாடல் நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை மாலை தமிழ்ப் படம். இரண்டுக்கும் தெருவே அந்தக் கூடத்தில் பாய் விரித்து உட்காரும்.

அந்தக் கூடத்துக்கென்று ஒரு தணிக்கை இருந்தது. பாட்டில் நாயகன் நாயகியின் இடுப்பில் கை வைத்தால் பாட்டி பிள்ளைகளில் ஒருத்தியைப் பார்த்து, “போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டாடி” என்பார். மழையில் நனைந்து ஆடினால் ஆண்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு திண்ணைக்குப் போவார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தின் சிவப்பு முக்கோணம் தெரிந்ததும் வீட்டுக்காரர் எழுந்து சத்தத்தைக் குறைத்துவிடுவார். பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாதே என்ற உண்மையான கவலை அது. அந்த அக்கறையை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் இன்னொரு காட்சியும் வரும். வில்லன் நாயகனின் தங்கையைத் துரத்துவான். அறைக்கதவு சாத்தப்படும். வளையல்கள் உடையும். அடுத்த காட்சியில் அந்தப் பெண் கிணற்றிலோ தூக்குக்கயிற்றிலோ பிணமாகக் கிடப்பாள். எழுபது எண்பதுகளின் படங்களில் அடிக்கடி வந்த கட்டம் இது. அப்போது யாரும் தண்ணீர் கேட்டதில்லை, யாரும் திண்ணைக்கு எழுந்து போனதில்லை. “அடப்பாவி, விளங்குவானா இவன்” என்று திட்டியபடியே பெரியவர்கள் பார்த்தார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பெண்பிள்ளைகள் நாங்களும் கூடவே பார்த்தோம். கெடுக்கப்பட்டவள் உயிரோடு இருக்கக் கூடாது என்பதை எங்களுக்கு எந்த டீச்சரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பாயில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டோம்.

டிவியைப் பற்றி நம் வீடுகள் பட்ட பயமெல்லாம் கூச்சத்தால் வந்தது. கொடுமையைப் பார்த்து அந்தப் பயம் வரவில்லை. ஆசையோடு தொட்ட கை ஆபாசமாகத் தெரிந்தது. அடித்த கை கதையாகத் தெரிந்தது. இந்தத் தவறான அளவுகோலைத்தான் நாற்பது வருடமாகக் கைமாற்றி வந்திருக்கிறோம்.

1991-இல் ஸ்டார் டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கறுப்பு வயர் ஓடியது. கல்யாண வீட்டிலும் கோயில் பிராகாரத்திலும் அன்றைக்குப் பேச்சே ஆங்கிலச் சேனல்களின் அரைகுறை உடைகளைப் பற்றித்தான். 1995-இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. அதன் கீழ் உள்ள நிகழ்ச்சி விதிகளைப் படித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆபாசம் கூடாது, வன்முறையைத் தூண்டக் கூடாது, பெண்களை இழிவுபடுத்தக் கூடாது, பிள்ளைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாததைக் காட்டக் கூடாது. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் கை ஓங்கியது எங்கே? 2007-இல் ஏஎக்ஸ்என், எஃப்டிவி என்ற இரண்டு சேனல்களுக்கு மத்திய அரசு இரண்டு மாதத் தடை விதித்தது. இரண்டுக்கும் சொன்ன காரணம் ஆபாசம். 2017 டிசம்பரில் ஆணுறை விளம்பரங்களைக் காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிவரை காட்ட வேண்டாம் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியது.

அந்த நேரத்துக்குள் என்னென்ன காட்டலாம் என்று எண்ணிப் பாருங்கள். குடும்பமே சேர்ந்து சாப்பிடும் இரவு எட்டு மணிக்கு சீரியலில் ஒருத்தி பாலில் விஷம் கலக்கிறாள். கர்ப்பிணி இறங்கும் படிக்கட்டில் இன்னொருத்தி எண்ணெய் ஊற்றுகிறாள். மாமியார் மருமகளின் கன்னத்தில் அறைகிறார். அந்த அறையை மூன்று கோணத்தில் மூன்று முறை இடிச்சத்தத்தோடு காட்டுகிறார்கள். எனக்கு இவற்றைவிட வலிப்பது கட்டாயத் தாலி. விருப்பமில்லாத பெண்ணின் கழுத்தில் ஒருவன் திடீரென்று தாலி கட்டுகிறான். சில வாரங்களில் அவள் அவனைக் காதலிக்கத் தொடங்கிவிடுகிறாள். பெண்ணின் சம்மதம் என்ற ஒன்றையே துடைத்துப்போடும் இந்தக் காட்சிக்கு ‘ஏ’ சான்று வேண்டாம், நேரக் கட்டுப்பாடும் வேண்டாம். நோயிலிருந்தும் வேண்டாத கர்ப்பத்திலிருந்தும் காக்கும் ஒரு பொருளின் விளம்பரம் மட்டும் இரவு பத்து மணிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அன்று சொன்னார்கள்.

இதற்கும் மேலே போனது செய்திச் சேனல்கள்தான். நடுரோட்டில் ஒருவரை வெட்டும் சிசிடிவி காட்சியைச் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி காட்டி, ஓய்வில்லாமல் சுழல விடுகிறார்கள். சினிமாச் சண்டையில் சிந்தியது சாயம் என்று பிள்ளைக்குச் சொல்லலாம். இங்கே சிந்துவது யாரோ ஒருவரின் ரத்தம். அவர் வீட்டிலும் டிவி இருக்கும். 2023 ஜனவரியில், ரத்தமும் சடலமும் கண்ணை உறுத்தும்படி காட்டப்படுவதைக் கண்டித்து அமைச்சகம் எல்லாத் தனியார் சேனல்களுக்கும் எழுதியது. வரவேற்கிறேன். ஆனாலும் இரவுச் செய்தியைப் போட்டால் அந்தச் சிவப்பு வட்டம் இன்னும் கண்ணில் படுகிறது.

திரையில் வன்முறை பார்க்கும் பிள்ளை முரடாகிவிடும் என்பதே நம் வழக்கமான பயம். அமெரிக்கத் தகவல்தொடர்பியல் அறிஞர் ஜார்ஜ் கெர்ப்னர் பல வருட ஆய்வுக்குப் பிறகு இன்னொரு ஆபத்தைக் காட்டினார். அதிகம் டிவி பார்ப்பவர்களுக்கு உலகம் உள்ளதைவிடக் கொடியதாகத் தெரியத் தொடங்குகிறது என்றார் அவர். அதை நான் எங்கள் வீட்டில் பார்க்கிறேன். விளக்கு வைத்த பிறகும் எங்களைத் தெருவில் விளையாட விட்டவர் அம்மா. இன்றும் அதே தெரு, அதே அக்கம்பக்கம். பகலெல்லாம் செய்திச் சேனல் ஓடும் வீட்டில், மாலை ஆறு மணிக்கே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, “நீ வீடு போய்ச் சேர்ந்துட்டியா?” என்று எனக்குப் போன் செய்கிறார். வயதானவர்களின் நிம்மதியைத் திருடுவதும் வன்முறைதான்.

இப்போது கூடம் காலியாகிவிட்டது. ஆளுக்கொரு செல்போன், ஆளுக்கொரு இயர்போன். 2021-இல் வந்த விதிகளின்படி ஓடிடி தளங்கள் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயது வகை போட வேண்டும், பெற்றோர் பூட்டும் தர வேண்டும். அந்தப் பூட்டைத் திறக்கும் எண் பெற்றோரைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள். அவள் போனில் பார்த்துக்கொண்டிருந்த தொடரில் ஒரு பெண்ணைக் கட்டிவைத்து அடித்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “இதெல்லாம் ஒன்னுமே இல்ல சித்தி, பழகிடுச்சு” என்றாள். நான் போனைப் பிடுங்கவில்லை. “அந்தப் பொண்ணு இப்ப என்ன நெனச்சிட்டிருப்பா?” என்று கேட்டேன். அவள் தொடரை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூட வேனில் நடப்பது, தோழியின் வீட்டில் அடி விழுவது என்று பேச்சு வெகுதூரம் போனது.

அந்தப் பேச்சு எங்களுக்கு எண்பதுகளில் கிடைக்கவில்லை. பெரியவர்கள் பக்கத்தில் இருந்தார்கள், ஆனால் எதையும் பேசவில்லை. இன்று பேசத் தெரிந்திருக்கிறோம், பக்கத்தில் இருப்பதில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்குக் காவல். முத்தக் காட்சி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், இரண்டு பேரும் விரும்பினால் அது அன்பு என்று வயதுக்கேற்பச் சொல்லலாம். அறையும் காட்சி வந்தால் அது கதையில் நடந்தாலும் தவறு என்று அழுத்திச் சொல்ல வேண்டும். சேனல்காரர்களிடமும் அரசிடமும் நாம் கேட்க வேண்டியது இதே அளவுகோலைத்தான்: ஒரு காட்சி எவ்வளவு தோலைக் காட்டுகிறது என்பதற்கு முன்னால், அதில் யாருக்கு வலிக்கிறது, அந்த வலியைக் கதை யாருடைய பக்கம் நின்று சொல்கிறது என்று பாருங்கள்.