எல்.டி.50 ஐயா அவர்களுக்கு வாழ்த்து மடல்

சுண்ணாம்புக்கல் தோண்டும் அரியலூரிலும் மக்காச்சோளம் விளையும் பெரம்பலூரிலும் தேள் கொட்டு வாங்கியோர், இனி வாங்கப்போவோர் சார்பில், சோதனை எலிகளில் சரிபாதியைச் சாகடிக்கும் நஞ்சின் அளவாகிய எல்.டி.50 ஐயா அவர்களுக்குப் பணிந்து படைத்தது.

ஐயா! 1927இல் இங்கிலாந்தின் ட்ரெவன் என்ற மருந்தியலாளர் தங்களைப் பெற்றெடுத்தார். டிஜிடாலிஸ், இன்சுலின் போன்ற மருந்துகளின் வீரியத்தைச் சரிபார்க்கவே பிறந்தீர்கள். பிறந்த வேலையோடு நின்றுவிடுவது சிறியோர் குணம். தாங்களோ எந்த நஞ்சு வந்தாலும் முதல் மரியாதையைத் தங்களுக்கே வாங்கிக்கொண்டீர்கள். வாய்வழிச் சோதனையில் தங்கள் பழைய முறையை பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) 2002இல் கைவிட்டது. தாங்கள் அசரவில்லை. தேள், பாம்பு நஞ்சு ஆய்வில் இன்றும் தங்கள் கொடிதான்.

தங்கள் நடுநிலைக்கு ஈடு உண்டா? தேளின் வாலில் மின்சாரம் பாய்ச்சி நஞ்செடுத்து, உலர்த்தி, உப்பு நீரில் கரைத்து, இருபது கிராம் சுண்டெலிகளுக்கு அணி அணியாக அளவைக் கூட்டி ஊசி போட்டு, 24 மணி நேரம் கழித்துப் பிணம் எண்ணுகிறீர்கள். பாதிக்குப் பாதி! பங்காளிகளின் பாகப்பிரிவினைகூட இவ்வளவு நேர்மையாக நடப்பதில்லை. துடித்ததா, மூச்சுக்குத் தவித்ததா என்ற அற்ப விவரங்களில் தங்கள் மனம் போவதில்லை. உயிர் ஒட்டியிருந்தால் போதும், 'பிழைத்தது' என்று எழுதிவிடும் பெருந்தன்மை. எங்களுக்கு வலிதான் முதல் செய்தி. தங்கள் கணக்கில் அது செல்லாக்காசு.

எலியின் வால் ரத்தக்குழாயில் ஏற்றினால் ஓர் எண், தோலுக்கடியில் ஏற்றினால் இன்னோர் எண், எலியின் வகை மாறினால் மற்றோர் எண். அத்தனையும் சரி என்று தசமப் புள்ளியோடு சொல்லும் துணிவு யாருக்கு வரும்? எங்கள் செந்தேளுக்கு இந்த நாகரிகம் தெரியாது. சோளத்தட்டைக் கட்டைத் தூக்குகிற கையில் ரத்தக்குழாயா தோலா என்று பாராமல் போட்டுவிடுகிறது. கொங்கணத்துச் செந்தேளின் நஞ்சும் தக்காணத்துச் செந்தேளின் நஞ்சும் ஒன்றல்ல என்று ஆய்வுகள் காட்டியும், ஓர் இனத்துக்கு ஓர் எண் என்று அட்டவணையில் கம்பீரமாக வீற்றிருக்கிறீர்கள்.

பயமுறுத்தும் பெரிய கருந்தேளான நட்டுவாக்காலியைவிட ஒல்லி இடுக்கிச் செந்தேளே கொடியது என்பதைத் தாங்கள் உறுதிசெய்தீர்கள். முறிவு மருந்தின் வீரியம் பார்க்கவும் தங்கள் எலிகளே உதவுகின்றன. அதோடு நின்றிருந்தால் புகழ் சுருங்கியிருக்கும். நல்லவேளையாக, தெரிந்த எண்ணையே பட்டத்துக்காகத் திரும்பவும் அளப்போர் தங்களைக் கைவிடுவதில்லை.

தங்களை மதிக்காதவர்களும் உண்டு. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்றொரு மருத்துவர். எலிக்கூண்டை விட்டுவிட்டு நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து, கொட்டும் வியர்வையையும் சில்லிட்ட கைகால்களையும் நுரையீரலில் கோக்கும் நீரையும் பார்த்தார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து, 1986இல் லான்செட் இதழில் எழுதினார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு முப்பதை ஒட்டியிருந்த சாவு ஓரிரண்டாகக் குறைந்தது. 2022இல் பத்மஸ்ரீ வேறு. பாதி சாக வேண்டும் என்ற தங்கள் கொள்கைக்கே விரோதி!

செந்துறைப் பக்கம் நள்ளிரவில் ஒரு பச்சைப்பிள்ளையைத் தேள் கொட்டினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இருக்கிறதா, வண்டி எப்போது வரும் என்று நாங்கள் அலைந்துகொள்கிறோம். இந்தச் சில்லறை வேலைக்கெல்லாம் தங்களை இழுக்க மாட்டோம். தாங்கள் அடுத்த கூண்டைத் திறந்து, மூன்றாவது தசமத்தையும் கண்டு சொல்லுங்கள். எங்கள் பிள்ளை பிழைக்க அது ஒன்றுதான் பாக்கி.

இப்படிக்கு,
கொட்டு வாங்கியோர்